திமிங்கிலத்தின் கால்கள்

"திமிங்கிலம் மீன்தானே, ஸார்?" என்று என் வகுப்பில் ஒரு பையன் கேட்டான். அல்லவென்றேன். மூச்சு விடுவதற்கு அது நீர்மட்டத்துக்கு வந்தாக வேண்டும். குட்டி போட்டுப் பால் கொடுக்கிறது. மீன் வாலைப் பக்கவாட்டில் அசைத்து நீந்தும். திமிங்கிலமோ மேலும் கீழுமாக அடிக்கும். நாலுகால் பாய்ச்சலில் ஓடும் நாயின் முதுகெலும்பு வளைந்து நிமிர்வதைக் கவனித்தவர்களுக்கு, அந்த வித்தை எங்கிருந்து வந்ததென்று விளங்கும். "அப்படியானால் அதன் கால்கள் எங்கே?" என்றான் பையன்.

விஞ்ஞானிகளை நூறு வருஷங்களுக்கு மேல் அலைக்கழித்த கேள்வி இது. வாயைத் திறந்தபடி நீந்திப் பூச்சி பிடிக்கும் கரடி, காலக்கிரமத்தில் திமிங்கிலம் போன்ற பிராணியாக மாறக்கூடும் என்று டார்வின் 1859-ல் எழுதினார். பலர் நகைத்தார்கள். மறு பதிப்பில் அவர் அந்த யூகத்தை நீக்கிவிட்டார். கரடி என்றது பிசகுதான். நிலத்திலிருந்து நீருக்கு என்றது பிசகல்ல. கையில் எலும்பு இல்லாததுதான் குறை.

அந்த எலும்புகள் கிடைத்த இடம் நமது உபகண்டமே. ஏறக்குறைய ஐந்து கோடி வருஷங்களுக்கு முன், வடக்கே நகர்ந்து வந்த இந்தியா ஆசியாவுடன் முட்டிக்கொண்டிருந்தது. இடையே சுருங்கி வந்த கடலுக்கு டெத்திஸ் என்று பெயர். அந்தப் பிரதேசத்துச் சேற்றில் புதைந்த பிராணிகளின் சதை அழுகிப் போயிற்று. எலும்பின் நுண்ணிய துவாரங்களில் மண்ணீரின் உப்புக்கள் ஊறிப் படிந்து அதைக் கல்லாக்கின.

பாகிஸ்தானில் கிடைத்த 'பாகிஸீட்டஸ்' என்ற பிராணியின் மண்டையோடு 1981-ல் வெளியுலகுக்குத் தெரிந்தது. 2001-ல் கால்களும் வெளிப்பட்டன. பார்வைக்கு ஓநாய், காது திமிங்கிலத்தின் காது, கணுக்கால் எலும்போ ஆடு, மாடு, பன்றி இனத்தைச் சேர்ந்தது!

இதைவிட விசித்திரமானது நம்மவர் ஒருவரின் கதை. ஏ. ரங்கராவ் என்ற பூகர்ப்ப சாஸ்திரி ஜம்முவைச் சேர்ந்த காலகோட்டில் பாறைகளைச் சேகரித்து, அவற்றிலிருந்த ஒரு பிராணிக்கு 1971-ல் 'இந்தோஹையஸ்', அதாவது 'இந்தியப் பன்றி', என்று பெயரிட்டார். பெரும்பாலான பாறைகள் உடைக்கப்படாமலே கிடந்தன. அவர் காலமான பிறகு, மனைவியார் அவற்றை அமெரிக்காவில் ஆராய்ச்சி செய்து வந்த தெவிஸனிடம் ஒப்புவித்தார். அங்கே உதவியாளர் ஒருவர் பாறையைச் செதுக்குகையில், கை தவறி மண்டையோட்டின் காதுப் பகுதி உடைந்து போயிற்று. பதறியிருப்பார், பாவம்! ஆனால் உடைந்த இடத்தில் தெரிந்ததோ, நடுக்காதைப் பொதிந்திருக்கும் எலும்புச் சிமிழின் தடித்த உள்விளிம்பு. இன்று வாழும் பிராணிகளில் திமிங்கில இனத்துக்கு மட்டுமே உள்ள அடையாளம் அது.

2007-ல் இச்செய்தி வெளியாயிற்று. இந்தோஹையஸ் பூனை அளவுதான் இருக்கும். சாயலில் நம் காட்டுச் சருகுமான். கால் எலும்புகள் மட்டும் நீர்யானையுடையவை போல் கனத்தவை. நீரில் மிதந்துவிடாமல் அடியில் நடக்க உதவுபவை. சருகுமானின் ஆப்பிரிக்க உறவினம் ஒன்று இன்றும் ஆபத்தைக் கண்டால் தண்ணீரில் மூழ்கிக்கொள்கிறது. இந்தோஹையஸைத் திமிங்கிலத்தின் பாட்டன் என்பதைவிடப் பாட்டனுடைய பங்காளி என்பதே பொருந்தும். திமிங்கிலங்கள் தோன்றிய பின்னும் இது கரையோரத்தில் வாழ்ந்திருந்தது.

பையனின் கேள்விக்கு வருவோம். எகிப்தியப் பாலைவனத்தில் கிடைத்த ஒரு பழந்திமிங்கிலத்துக்கு உடல் ஐம்பது அடி. 1990-ல் விவரிக்கப்பட்ட அதன் பின்னங்கால்கள் நடக்க உதவாத அளவுக்குச் சிறியவை. இன்றைய திமிங்கிலங்களில் பலவற்றுக்கு இடுப்பெலும்பின் துண்டுகள் சதைக்குள் மறைந்திருக்கின்றன. தாய் வயிற்றில் வளரும் டால்பினின் கருவிலோ, பின்னங்கால்களுக்கான இரு மொட்டுகள் அரும்புகின்றன. சில வாரங்களில் அவை கரைந்து மறைகின்றன.