விஞ்ஞானிகளை நம்பலாமா?



2017 நவம்பர் 30 அன்று குமரிக் கடலில் ஒக்கி புயல் வீசியது. தூத்தூர், வள்ளவிளை, சின்னத்துறை ஊர்களிலிருந்து முன்பே ஆழ்கடலுக்குச் சென்றிருந்த மீனவர் பலர் திரும்பவில்லை. எச்சரிக்கை அவர்களை எட்டவில்லை.

"புயலையே முன்கூட்டிச் சொல்லாதவர்கள், புவி சூடேற மனிதனே காரணம் என்றால் எப்படி நம்புவது?" என்று நீங்கள் கேட்கலாம். நல்ல கேள்வி!

ஒக்கி ஒரே நாளில் தாழ்வு மண்டலத்திலிருந்து புயலாக மாறியது. அத்தகைய வேகத்தைக் கணிப்பது கடினம். பல ஆண்டுப் போக்கையோ அளந்தே அறியலாம். ஹவாய்த் தீவின் மௌனா லோவாவில், வெப்பத்தைப் பிடித்துவைக்கும் கரியமில வாயு, 1958இல் பத்து லட்சம் பங்கு காற்றில் சுமார் 315 பங்கு இருந்தது. இன்று 420க்கும் மேல்.

எரிமலைகள் கக்கியதாக இருக்கலாமே? தாவரங்கள் கார்பன்-13ஐவிட லேசான கார்பன்-12ஐயே விரும்பி ஏற்கின்றன. ஆகவே பண்டைய உயிர்களின் எச்சமான நிலக்கரியிலும் பெட்ரோலியத்திலும் கார்பன்-13 குறைவு. எரிமலை வாயுவில் அவ்வளவு குறைவில்லை. காற்றிலோ கார்பன்-13இன் விகிதம் குறைந்துகொண்டே வருகிறது. நாம் எரித்ததன் அடையாளம் அது!

ஒக்கியை மனிதன்தான் உண்டாக்கினான் என்று விஞ்ஞானிகள் கூறவில்லை; கடல் சூடேறினால் புயல்கள் வலுக்கும் என்றே கூறுகிறார்கள். சான்று உள்ள அளவுக்கே பேசுவதுதான் விஞ்ஞானம். ஐயுறுவது தவறன்று, சான்றைப் பார்க்க மறுப்பதே தவறு.