பிடியரிசியும் ஞானஸ்நானப் பதிவேடும்

காவிரிக் கழிமுகத்துச் சேரிகளில் இருக்கும் லுத்தரன் சபைகளில் பிடியரிசிக் காணிக்கை என்றொரு வழக்கம் உண்டு. உலை வைக்கும்போதெல்லாம் பெண்கள் ஒரு கைப்பிடி அரிசியைத் தனிக் கலயத்தில் எடுத்துவைத்து, ஞாயிற்றுக்கிழமை ஆலயத்திற்குக் கொண்டுவருவார்கள். கோதுமைக்கும் பால்பவுடருக்கும் மதம் மாறியவர்கள் என்று ஏசப்படும் அதே மக்கள்தாம், தம் அடுப்படியிலிருந்து அரிசி கொடுத்துச் சபையைக் காப்பாற்றிவருகிறார்கள்.

இந்த நன்றி எவருக்குரியது? லுத்தர் 1529இல் எழுதிய சிறிய ஞானோபதேசம், உணவு, உடை, வீடு அனைத்தும் மனிதரின் தகுதி பாராமல் கடவுள் தருபவை என்று முதலில் சொல்கிறது. நன்றியும் ஊழியமும் அதன் பின்னரே வருகின்றன. அப்படியானால் நன்றி கடவுளுக்குரியது. எந்த மிஷனுக்கும், எந்த ஆண்டைக்கும், எந்தச் சபைக் கமிட்டிக்கும் அது கடனாகாது. தகுதியில்லை என்று காலங்காலமாக வெளியே நிறுத்தப்பட்டவர்களின் காதில் இப்போதனை எப்படி ஒலித்திருக்கும் என்பதை விளக்கத் தேவையில்லை.

இராஜநாயக்கனின் வாழ்வு அதற்குச் சான்று. பறையர் சமூகத்தில் பிறந்த அவர் தஞ்சை அரசின் படைவீரர், கத்தோலிக்கர். 1706இல் தரங்கம்பாடிக்கு வந்த சீகன்பால்கு மொழிபெயர்த்து அச்சிட்ட சுவிசேஷங்களை வாசித்து லுத்தரன் ஆனார். படைவேலையைத் துறந்து உபதேசியாரானார். 1733இல் வேளாளரான ஆரோன் முதல் தமிழ்க் குருவாக அபிஷேகம் பெற்றார். பின்னர் இராஜநாயக்கனின் பெயரும் குருப்பட்டத்துக்குப் பேசப்பட்டது. ஆனால் பறையர் கையால் திருவிருந்து பெற வேளாளக் கிறித்தவர்கள் இசையமாட்டார்கள் என்பதால் அது கைவிடப்பட்டது. அவர் இறுதிவரை உபதேசியாராகவே உழைத்தார். 19ஆம் நூற்றாண்டில் பிற புராட்டஸ்டண்ட் மிஷன்கள் சாதியை விடும்படி வற்புறுத்தியபோதும், லைப்சிக் மிஷன் அதைச் சமூக வழக்கமெனப் பொறுத்துக்கொண்டது. 1919இல் உருவான தமிழ் சுவிசேஷ லுத்தரன் திருச்சபைக்கு வந்துசேர்ந்த மரபில் இதுவும் அடக்கம்.

சபைக்குள் சாதி பார்த்தார்கள் என்றால், சட்டமோ சாதியே இல்லை என்கிறது. 1950ஆம் ஆண்டின் பட்டியல் சாதிகள் ஆணையின் மூன்றாம் பத்தி, இந்து அல்லாதவரைப் பட்டியலிலிருந்து விலக்கியது. 1956இல் சீக்கியரும் 1990இல் பௌத்தரும் சேர்க்கப்பட்டனர். கிறித்தவரும் இசுலாமியரும் இன்றும் வெளியேதான். தமிழ்நாட்டில் மதம் மாறிய தலித் கிறித்தவர் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் இருக்கிறார். பட்டியல் சாதியினருக்கான இடஒதுக்கீடு அவருக்கு இல்லை. வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் காப்பும் இல்லை. தாக்குபவன் ஞானஸ்நானச் சான்றிதழைக் கேட்டுவிட்டா தாக்குகிறான்?

2024 நவம்பரில் புதுச்சேரிப் பெண் ஒருவரின் வழக்கில், அவர் குழந்தையாக இருந்தபோது பெற்ற ஞானஸ்நானத்தையே உச்ச நீதிமன்றம் அவருக்கெதிரான சான்றாக எடுத்துக்கொண்டது. அது கத்தோலிக்க ஆலயத்தில் நடந்த ஞானஸ்நானம். ஆனால் குழந்தை ஞானஸ்நானம் தரும் லுத்தரன் சபைகளுக்கும் அதே நிலைதான். பிள்ளையின் பெயரைப் பதிவேட்டில் எழுதலாமா என்று நம்மிடம் கேட்கும் இளம் பெற்றோர் உண்டு. சட்டநிலையை விளக்குகிறோம், எழுதாதீர்கள் என்று சொல்ல நமக்கு வாய் வருவதில்லை. விசுவாசத்துக்கு இவ்வளவு விலை கொடுப்பவரிடம் போய், அர்ப்பணிப்பு போதாது என்று பிரசங்கிப்பது அநியாயம்.

அர்ப்பணிப்பைச் சபை நிர்வாகங்களிடம்தான் கேட்க வேண்டும். 1985இல் சூசை வழக்கில் உச்ச நீதிமன்றம், மதம் மாறிய பின்னும் சாதி தொடர்கிறது என்று காட்டினால் மட்டும் போதாது, அதனால் விளையும் சமூக, பொருளாதார ஊனங்கள் புதிய மதச் சூழலிலும் அதே கொடுமையுடன் தொடர்வதை நிறுவ வேண்டும் என்றது. அந்தச் சான்று வேறெங்கும் இல்லை. கல்லறைத் தோட்டத்தின் வரைபடத்திலும், கமிட்டித் தேர்தல் முடிவுகளிலும், குருமார் நியமனக் கோப்புகளிலும் இருக்கிறது. அறுப்பின் பண்டிகையில் கோழியும் பூசணியும் எவ்வளவுக்கு ஏலம் போயின என்று பைசா பிசகாமல் கணக்கு வாசிக்கும் நிர்வாகங்கள், தமக்கே பாதகமான அந்த ஆவணங்களையும் திறந்து, பிரமாணப் பத்திரத்துடன் நீதிமன்றத்தில் தாக்கல் செய்யட்டும்.