இடமும் வலமும்

தூத்துக்குடித் துறைமுகத்தை நோக்கி வரும் சரக்கு லாரிகளைப் பார்த்திருப்பீர்கள். அவை சாலையின் இடப்புறமாகவே வருகின்றன. அச்சரக்கை ஏற்றிச் செல்லும் கப்பலுக்கோ விதி வேறு. குறுகிய நீர்வழியில் அது வலப்பக்கத்தை ஒட்டிச் செல்லவேண்டும். இரண்டு விசைக் கப்பல்கள் நேருக்கு நேர் வருமாயின், இரண்டுமே வலப்பக்கம் திரும்பிக் கடக்கவேண்டும். இரவில் எதிரே சிவப்பு விளக்கும் பச்சை விளக்கும் ஒருங்கே தெரிந்தால், கப்பல் நேரே நம்மை நோக்கி வருகிறது என்று பொருள். (பாய் விரித்தோடும் மரக்கலங்களுக்குக் காற்றை ஒட்டிய தனி விதி உண்டு, அதனை இங்கு விரிப்பதற்கில்லை.) காய்கறியும் கட்டடப் பொருளும் ஏற்றி மாலைத் தீவுக்குத் தோணி செலுத்தும் நம்மூர்த் தண்டல், அந்நியத் துறையை அடைந்ததும் புதுவிதி கற்கவேண்டியதில்லை. கடல்களுக்கெல்லாம் விதி ஒன்றே.

நிலத்தில் அவ்வாறில்லை. இலங்கை, மலேசியா, சிங்கப்பூர் ஆகிய நாடுகளில் நம்மைப் போலவே வண்டிகள் இடப்புறம் ஓடுகின்றன. வளைகுடா நாடுகளிலும், பிரான்சு, ஜெர்மனி, அமெரிக்கா முதலியவற்றிலும் வலப்புறம் ஓடுகின்றன. சுவீடன் 1967 ஆம் ஆண்டு செப்டம்பர் 3 ஆம் நாள் விடியற்காலையில் நாடு முழுவதும் ஒரே வேளையில் வலப்புறத்துக்கு மாறியது. பர்மா 1970 இல் மாறியது. ஆனால் பழைய அமைப்பிலான வண்டிகள் அங்கு நெடுங்காலம் ஓடின. பயணிகள் நடுச்சாலைப் பக்கம் இறங்கவேண்டிய நிலை எவ்வளவு இடர்ப்பாடானது என்பதை எண்ணிப் பாருங்கள்!

விதியை அறிவது எளிது. ஒரு நிமிடம் போதும். ஆனால் பழக்கம் அறிவில் மட்டுமா இருக்கிறது? கண்ணிலும் கழுத்திலும் கையிலும் அன்றோ ஊறிக் கிடக்கிறது! 1931 ஆம் ஆண்டு டிசம்பரில், வின்ஸ்டன் சர்ச்சில் நியூயார்க் நகரின் ஐந்தாம் அவென்யூவைக் கால்நடையாகக் கடந்தார். பாதித் தெருவைத் தாண்டியதும் இடப்புறம் பார்ப்பது ஆங்கிலேயர் வழக்கம். நம் வழக்கமும் அதுவே. அவரும் இடப்புறம் பார்த்தார். கார் வலப்புறமிருந்து வந்து மோதியது. தலையிலும் மார்பிலும் காயமுற்று அவர் மருத்துவமனையில் கிடக்க நேர்ந்தது.

கார் ஓட்டுவோருக்கு வரும் குழப்பங்களுள் சில நகைப்புக்குரியவை. வலப்புறம் ஓடும் நாட்டில் ஓட்டுநர் இருக்கை இடப்பக்கம் அமைந்திருக்கும். கியரை வலக்கையால் மாற்றவேண்டும். கிளச்சு, பிரேக்கு, ஆக்சிலரேட்டர் ஆகியவற்றின் வரிசை மட்டும் மாறுவதில்லை, கால்கள் பிழைத்தன! ஆனால் திரும்பும் விளக்கை ஏற்றுவதாக எண்ணிக் கை தட்டும் விசை, நல்ல வெயிலில் கண்ணாடியைத் துடைக்கத் தொடங்கிவிடும்.

எல்லாக் குழப்பமும் நகைப்பில் முடிவதில்லை. அங்கு வலப்புறம் திரும்புவது சிறுதிருப்பம். இடப்புறம் திரும்பும்போதுதான் எதிர்வரும் வண்டிகளைக் குறுக்கிடுகிறோம். சாலை வட்டங்களை இடஞ்சுழியாகச் சுற்றவேண்டும். வட்டத்துள் முன்னரே ஓடும் வண்டிகள் நமக்கு இடப்பக்கமிருந்து வரும். ஓட்டுநர் எப்போதும் சாலையின் நடுக்கோட்டை அடுத்தே அமர்ந்திருக்கவேண்டும் என்பது நல்ல அடையாளம். தம் தோளுக்கு அருகில் சாலையோரம் தெரிந்தால், தாம் தவறான பக்கம் வந்துவிட்டதாக உணரலாம்.

சந்தடி மிகுந்த நகரத்தைக் காட்டிலும் ஆளில்லாச் சாலையே அஞ்சத்தக்கது என்பேன். நகரத்தில் முன்செல்லும் வண்டியே நமக்கு வழிகாட்டி. பெட்ரோல் நிலையத்திலிருந்து விடியற்காலையில் வெறிச்சோடிய சாலையில் ஏறும் கணத்தில் வழிகாட்ட யாருமில்லை. பழைய கை பழைய பக்கத்துக்கே திருப்பும். முதல் நாள் போய், மூன்றாம் நாள் நம்பிக்கை பிறந்து, கவனம் தளரும் வேளையிலும் இது நேரும்.

நெடுங்கடல் கண்ட கப்பல் தலைவரும் துறைமுகத்தை நெருங்கியதும், அவ்விடம் அறிந்த பைலட்டைத் தம் கப்பலில் ஏற்றிக்கொள்கிறார். அதனை அவர் இழிவாகக் கருதுவதில்லை. அந்நிய நாட்டில் முதல் சில நாள், ஒவ்வொரு திருப்பத்திலும் "வலப்பக்கம்" என்று வாய்விட்டுச் சொல்ல ஒருவரை அருகில் அமர்த்திக்கொள்ளலாம். வளைகுடாவில் பல்லாண்டு வண்டி ஓட்டி வாகைக்குளம் விமான நிலையத்தில் வந்திறங்கும் நம்மவருக்கும், ஊர் போய்ச் சேரும் வரையில், "இடப்பக்கம்" என்று சொல்ல ஒருவர் வேண்டும்.