மீட்ட நினைவும் சான்றின் மூலமும்

ஏடுகளை ஒப்புநோக்கிப் பதிப்பிப்போர் ஓர் உண்மையை நன்கறிவர். ஒரே சுவடியைப் பார்த்தெழுதிய பத்துப் படிகள் கிடைப்பினும் அவை பத்துச் சான்றுகள் ஆகா. ஒரு சான்றே ஆகும். மூல ஏட்டின் பிழை பத்திலும் தொடர்ந்து வரும். நூலாராய்ச்சிக்குரிய இவ்விதி மாந்தர் வாழ்வைத் தொடும் வழக்குகளிலும் இன்றியமையாதது என்பதை, 1980-க்குப் பின் மேலைநாடுகளில் எழுந்த சொற்போர் ஒன்றைக் கொண்டு ஈண்டு ஆராய்வோம். மறைவான சடங்குகளில் குழந்தைகள் கொடுமைக்குள்ளாயினர் என்பதும், மறந்துபோன அந்நினைவுகளை உளமருத்துவத்தால் மீட்கலாம் என்பதும் அதன் பொருளாகும்.

1980-இல் கனடா நாட்டு உளமருத்துவர் லாரன்சு பாசுடர், தம்மிடம் மருத்துவம் பெற்ற பெண்ணொருவருடன் இணைந்து 'மிசெல் ரிமெம்பர்சு' என்னும் நூலை வெளியிட்டார். சாத்தானை வழிபடும் கூட்டத்தார் இளமையில் தம்மைத் துன்புறுத்தினர் என அப்பெண் மருத்துவத்தின்போது நினைவுகூர்ந்தவையே அதன் பொருள். அவற்றை உறுதிப்படுத்தும் புறச்சான்று கிடைத்திலது. பின்னர் இத்தகைய கூற்றுகள் பல ஊர்களில் எழவே, அவற்றின் ஒற்றுமையே உண்மைக்குச் சான்று என்றனர் சிலர். வினவியோர் ஒரே நூலைப் படித்து ஒரே பயிற்சி பெற்றவராயின், விடைகள் ஒத்திருத்தல் படிகள் ஒத்திருத்தல் போன்றதே.

1983-இல் கலிபோர்னியாவில் மக்மார்ட்டின் மழலையர் பள்ளி வழக்குத் தொடங்கிற்று. நூற்றுக்கணக்கான குழந்தைகளிடம், விடையைத் தம்முள் அடக்கிய வினாக்கள் மீண்டும் மீண்டும் கேட்கப்பெற்றன. 1990-இல் எவர்க்கும் தண்டனையின்றி வழக்கு முடிந்தது. அதற்குள் குற்றஞ்சாட்டப்பெற்ற ஒருவர் ஏறத்தாழ ஐந்தாண்டு சிறையிருந்தார்.

இதனால் மறந்து நினைந்தவை யாவும் பொய் எனல் பொருந்துமோ எனின், பொருந்தாது. 1994-இல் லிண்டா வில்லியம்சு வெளியிட்ட ஆய்வு நோக்கத்தக்கது. சிறுவயதில் பாலியல் கொடுமைக்குள்ளானமை மருத்துவமனைப் பதிவுகளால் அறியப்பெற்ற 129 பெண்களை, ஏறத்தாழ 17 ஆண்டுகள் கழித்து வினவியபோது, 38 விழுக்காட்டினர் அந்நிகழ்ச்சியைக் குறிப்பிடவில்லை. குறிப்பிடாமை மறதிதானா என்னும் ஐயம் எழுப்பப்பெற்றது. ஆயினும் இங்கு நினைவுக்கு முன்னரே பதிவு உளது. இதுவே முன்னைய நூலினின்று இதனை வேறுபடுத்துவது.

எதிர்த்தரப்புச் சான்றையும் அவ்வாறே நிறுத்தல் வேண்டும். எலிசபெத்து லாப்டசும் சாக்குலின் பிக்கரெலும் 1995-இல் வெளியிட்ட ஆய்வில், சிறுவயதில் கடைத்தொகுதியில் வழிதவறியதாகப் புனைந்த செய்தியை 24 பேருள் ஏறத்தாழ நாலிலொரு பங்கினர் முழுமையாகவோ ஒருபகுதியாகவோ நினைவென ஏற்றனர். பொய்ந்நினைவு தோன்றக்கூடும் என்பதை இது காட்டும். குறித்த ஒருவரின் நினைவு பொய் என்பதைக் காட்டாது. மேலும், 1992-இல் அமெரிக்காவில் தோன்றி 2019-இல் முடிவுற்ற பொய்ந்நினைவு நோய்க்குறி நிறுவனம், குற்றஞ்சாட்டப்பெற்ற பெற்றோரின் முயற்சியால் எழுந்தது. அதனால் அதன் கூற்றுப் பொய்யாகாது. எனினும் கூறுவோர் நிலையை அறிந்தே கூற்றைக் கொள்ளல் வேண்டும். மருத்துவர்க்கும் இது பொருந்தும்.

இருபாற் கோடாது ஆராய்ந்தமைக்கு எடுத்துக்காட்டு, மானிடவியலறிஞர் சீன் லா பான்டேன் 1994-இல் பிரித்தானிய அரசுக்கு அளித்த அறிக்கை. சடங்குக் கொடுமை எனப்பட்ட 84 நிகழ்ச்சிகளை அவர் தனித்தனியே ஆராய்ந்தார். மூன்றில் மட்டுமே சடங்குக்குப் புறச்சான்று இருந்தது. அங்கும் சடங்கு, குழந்தைகளை வயப்படுத்தும் கருவியாக அமைந்ததேயன்றிச் சாத்தான் வழிபாடாக இல்லை. சாத்தான் கூட்டம் என்னும் கதையைத் தள்ளிய அவர், குழந்தைகள் உற்ற மெய்யான துன்பத்தைத் தள்ளினாரல்லர்.

கூற்று எங்குப் பிறந்தது, எவ்வாறு வினவிப் பெறப்பட்டது, அதனைச் சாராத பதிவு உளதா என்னும் மூன்றையும் இரு தரப்பினரிடத்தும் ஒப்பக் கேட்டல் வேண்டும். கேளாது நம்பின் குற்றமற்றவர் சிறைப்படுவர். கேளாது மறுப்பின் துன்புற்றவர் இரண்டாம் முறையும் துன்புறுவர். படிகளை எண்ணாது மூலத்தை நாடுதலே இவ்விரு தீங்கினின்றும் காக்கும் நெறி என்க.