எரிகோ வீதியில் எழுந்த கேள்வி



நல்ல சமாரியனின் உவமையை நீங்கள் எத்தனை தடவை கேட்டிருப்பீர்கள்! ஆலயத்திலும் ஞாயிறு பாடசாலையிலும் கேட்டுக் கேட்டுப் பழகிப்போனதனாலோ என்னவோ, அது இப்போது நம்மை அதிகம் உறுத்துவதில்லை. அதே உவமையைத் தமது இறுதி உரையில் எடுத்துரைத்த ஒருவரை இன்று நினைவுகூருவோம்.

1968 பெப்ரவரி 1. அமெரிக்காவின் டெனசி மாநிலத்து மெம்பிஸ் நகரில் மழை கொட்டியது. எக்கோல் கோல், ரொபர்ட் வோக்கர் என்னும் இரு கறுப்பினச் சுத்திகரிப்புத் தொழிலாளர், ஒதுங்க வேறிடமின்றிக் குப்பை வண்டியின் பின்புறத்தினுள் புகுந்துகொண்டனர். குப்பையை நசுக்கும் இயந்திரம் திடீரென இயங்கிற்று. குப்பையோடு குப்பையாக இருவரும் நசுங்கி மாண்டனர். பழுதடைந்த வண்டிகளைப் பற்றித் தொழிலாளர் முன்னரே முறையிட்டிருந்தனர், எவரும் செவிசாய்க்கவில்லை.

பெப்ரவரி 12ஆம் திகதி ஏறத்தாழ 1,300 தொழிலாளர் வேலைநிறுத்தத்தில் இறங்கினர். ஓட்டைத் தொட்டிகளைச் சுமந்து, அழுகல்நீர் உடலில் வழிய உழைத்தவர்கள் அவர்கள். முழுநேரம் உழைத்தும் வறியோருக்கான அரச உதவியை நாடவேண்டிய நிலையில் பலர் இருந்தனர். தலை நரைத்தவர்களும் 'பையன்' என்றே விளிக்கப்பட்டனர். அதனாற்றான் அவர்கள் ஏந்திய பதாகைகளுள் உலகறிந்த ஒன்று, சம்பளத்தைப் பற்றிப் பேசவேயில்லை. 'நான் ஒரு மனிதன்' என்பதே அதிலிருந்த வாசகம். தேவசாயலில் படைக்கப்பட்டவன் இதை எழுதிப் பிடிக்க வேண்டியிருந்தது!

மேயர் ஹென்றி லோப் இறங்கிவரவில்லை. கூலியாட்களின் கூக்குரல் கர்த்தருடைய செவிகளுக்கு எட்டுகிறது என யாக்கோபு எழுதுகிறார் (5:4). மெம்பிஸில் அக்குரலைச் செவிமடுத்தோருள் மெதடிஸ்த போதகர் ஜேம்ஸ் லோசன் ஒருவர். அவரது அழைப்பின்பேரில் மார்ட்டின் லூதர் கிங் வந்தார்.

ஏப்ரல் 3 இரவு புயல் வீசியது. களைத்திருந்த கிங், தமக்குப் பதிலாக நண்பர் ரால்ப் அபர்நாதியை அனுப்பிவிட்டு விடுதியிலேயே தங்கினார். மேசன் ஆலயத்தில் காத்திருந்த மக்களைக் கண்ட அபர்நாதியோ தொலைபேசியில் அவரை அழைத்தார். கிங் வந்தார், குறிப்பெதுவுமின்றிப் பேசினார்.

எரிகோ வீதியில் நேரில் பயணித்தவர் அவர். வளைந்து வளைந்து இறங்கும், கள்வர் பதுங்க ஏற்ற வீதி அது. ஆசாரியனும் லேவியனும் கல்நெஞ்சர் என்று நாம் எளிதாகச் சொல்லிவிடுகிறோம். அவர்கள் அஞ்சியிருக்கலாம் என்றார் கிங். நான் நின்றால் எனக்கு என்ன நேரும் என்பது அவர்களது கேள்வி. நான் நில்லாவிடில் இவனுக்கு என்ன நேரும் என்பது சமாரியனின் கேள்வி. அந்தத் தொழிலாளரைச் சுட்டி, அக்கேள்வியையே அவர் சபையோர் முன் வைத்தார். அச்சம் இன்னதென அறியாதவரல்லர் அவர். அன்று காலை அவர் வந்த விமானமே வெடிகுண்டு மிரட்டலால் தாமதித்திருந்தது.

மறுநாள் மாலை லொரெய்ன் விடுதியின் மேல்மாடத்தில் அவர் சுட்டுக் கொல்லப்பட்டார்.

ஏப்ரல் 8ஆம் திகதி, கணவரின் நல்லடக்கத்துக்கு முன்தினம், கொரெற்றா மெம்பிஸுக்கு வந்து தொழிலாளரின் மௌன ஊர்வலத்தில் முன்னே நடந்தார். ஏப்ரல் 16ஆம் திகதி நகர நிர்வாகம் அவர்களது தொழிற்சங்கத்தை ஏற்றுச் சம்பள உயர்வுக்கும் இணங்கியது.