தவக்காலம்: நன்றியும் வரவேற்பும்



தவக்காலம் என்றதும் நெற்றியில் திருநீறு, வெள்ளிக்கிழமைச் சிலுவைப்பாதை, புலால் தவிர்த்தல், தவக்கால உண்டியல் ஆகியவை நம் நினைவுக்கு வருகின்றன. இவை அனைத்தும் நல்லவையே. ஆனால் பக்கத்தில் நிற்பவர் யார் என்று அறியாமலேயே இவற்றையெல்லாம் செய்து, நாற்பது நாள்களையும் முடித்துவிட நம்மால் முடியும். திருஅவை நம்மிடம் எதிர்பார்ப்பது இதுதானா?

தொடக்கத் திருஅவையில்...

'திதாக்கே' என்னும் பழைமையான நூல், திருமுழுக்குப் பெறுபவர் மட்டுமல்ல, அதைக் கொடுப்பவரும், இயன்ற மற்றவர்களும் முன்னதாக நோன்பிருக்க வேண்டும் என்கிறது. புதிதாக வருபவருக்காக எல்லாரும் சேர்ந்து பசித்திருந்தார்கள். 325-இல் கூடிய நீசேயா பொதுச்சங்கத்தின் விதிகளில் நாற்பது நாள் காலம் குறிப்பிடப்படுகிறது. அக்காலத்தில் திருமுழுக்குப் பெறவிருந்தோர் தயாரிக்கப்பட்டனர். பாவத்தால் விலகியிருந்தோர் மீண்டும் சேர்த்துக்கொள்ளப்பட்டனர். இரண்டுமே வரவேற்புதான். இரண்டாம் வத்திக்கான் சங்கமும் திருவழிபாடு பற்றி 1963-இல் வெளியிட்ட ஏட்டில், தவமுயற்சி உள்ளத்தோடும் தனிமனிதரோடும் நின்றுவிடாமல் சமூகத்தன்மை கொண்டதாகவும் இருக்க வேண்டும் என்று கற்பித்தது.

நன்றி எங்கே தொடங்குகிறது?

தவக்காலத்தின் முதல் ஞாயிறன்று, வாசகச் சுழற்சியின் மூன்றாம் ஆண்டில், இணைச்சட்ட நூலின் பகுதி (26:4-10) வாசிக்கப்படுகிறது. விவசாயி ஒருவர் முதல் விளைச்சலைக் கூடையில் கொண்டுவருகிறார். 'நான் உழுதேன், நான் விதைத்தேன்' என்று அவர் சொல்வதில்லை. தம் மூதாதை நாடோடியாய் அலைந்ததையும், எகிப்தில் அந்நியராய் ஒடுக்கப்பட்டதையும், ஆண்டவர் மீட்டு வந்ததையும் அறிக்கையிடுகிறார். பழையதை நினைத்துப் பார்ப்பதே அவருடைய நன்றி.

கோவிலில் நாம் கேட்கும் வாசகம் 10-ஆம் வசனத்தோடு முடிகிறது. வீட்டில் விவிலியத்தைத் திறந்து 11-ஆம் வசனத்தையும் வாசியுங்கள். நிலம் இல்லாத லேவியரும், நடுவில் வாழும் அந்நியரும் அந்த மகிழ்ச்சியில் பங்குபெற வேண்டும் என்கிறது அது. நன்றி சொன்னவரின் பந்தியில் அந்நியருக்கும் இலை உண்டு!

நம் கதையும் இதுவே

நம் முன்னோரில் எத்தனையோ பேர் இலங்கையின் தேயிலை மலைகளுக்கும், மலாயாவின் ரப்பர் தோட்டங்களுக்கும், பர்மாவுக்கும் பிழைக்கப் போனவர்கள். 1964-ஆம் ஆண்டின் சிறிமாவோ-சாஸ்திரி ஒப்பந்தப்படி இலங்கையிலிருந்து 5.25 லட்சம் பேரை ஏற்க இந்தியா இசைந்தது. 1983-க்குப் பின் ஈழத்து ஏதிலியர் வந்தனர். அவர்களில் பலர் இன்று நம் பங்குகளின் மக்கள்.

இன்று திருப்பூர் பின்னலாடை ஆலைகளிலும் சென்னையின் கட்டடப் பணிகளிலும் ஜார்க்கண்ட், ஒடிசா சகோதரர்கள் உழைக்கிறார்கள். 1885-இல் கான்ஸ்டன்ட் லீவன்ஸ் என்ற இயேசு சபைக் குரு சென்று உழைத்த சோட்டா நாக்பூர் பகுதியின் கத்தோலிக்கரும் இவர்களில் உண்டு. ஞாயிறு திருப்பலியில் பக்கவாசல் ஓரம் நிற்கிறார்கள். மறையுரை புரியாவிட்டாலும் நற்கருணை வாங்க வருகிறார்கள். 'இந்திக்காரப் பையன்கள்' என்கிறோம், பெயர் கேட்டதுண்டா? 'வேலைக்கு வந்தவர்கள், போய்விடுவார்கள்' என்றும் சொல்கிறோம். நம் தாத்தாவைப் பற்றியும் அங்கே அப்படித்தானே சொல்லியிருப்பார்கள்?

என்ன செய்யலாம்?

1. குடும்ப செபத்தின்போது நம் வீட்டின் கதையைப் பிள்ளைகளுக்குச் சொல்வோம். எங்கிருந்து வந்தோம், யார் கைகொடுத்தார்கள் என்று நினைத்து நன்றி கூறுவோம்.

2. அன்பியக் கூட்டத்துக்குப் புதியவர் ஒருவரை அழைப்போம். நற்செய்தியை அவர் மொழியிலும் ஒருமுறை வாசிக்கச் சொல்வோம்.

3. திருநீற்றுப் புதனை அடுத்த வெள்ளியன்று வாசிக்கப்படும் எசாயா 58, பசித்தவரோடு உணவைப் பகிர்வதே இறைவன் விரும்பும் நோன்பு என்கிறது. நோன்பில் மிச்சமாவதை உண்டியலில் போடுவதோடு, ஒரு நாளாவது ஒருவரோடு அமர்ந்து உண்போம்.

4. ஒப்புரவு அருட்சாதனத்துக்குமுன், 'நான் யாரை வெளியே நிறுத்தினேன்?' என்றும் ஆன்மசோதனை செய்வோம்.

ஊதாரி மைந்தன் உவமையில் (லூக் 15) மூத்த மகன் வீட்டுக்குள் நுழைய மறுக்கிறான். தான் செய்த வேலையைக் கணக்கிட்டானே தவிர, பெற்றுக்கொண்டதை அவன் எண்ணிப் பார்க்கவில்லை. ஆகவே தம்பியை வரவேற்கவும் முடியவில்லை. அந்த நிலை நமக்கு வேண்டாம். பாஸ்கா இரவில் திருமுழுக்கு வாக்குறுதிகளைப் புதுப்பிக்கும்போது, நம் அருகில் மெழுகுதிரி ஏந்தி நிற்பவரின் பெயராவது நமக்குத் தெரிந்திருக்கட்டும். அதற்கான அருளை இறைவன் நமக்குத் தருவாராக.