வீட்டுக் குளிரூட்டியைக் குளிர்காலத்துக்கு ஆயத்தப்படுத்தல்

வீட்டுக் குளிரூட்டியைக் குளிர்காலத்துக்கு ஆயத்தப்படுத்தல் என்பது, பேச்சு வழக்கில் ஏசி எனப்படும் கருவியைச் சில மாதங்கள் பயன்படுத்தாமல் நிறுத்திவைக்கும் முன்னர், அதனை உலர்த்தி, துப்புரவு செய்து, மின்னிணைப்பைத் துண்டித்து வைக்கும் பணியாகும். இது குறித்த அறிவுரைகளுள் பெரும்பாலானவை பனி உறையும் நாடுகளுக்கென எழுதப்பட்டவை. அவற்றை அப்படியே தமிழ்நாட்டில் பின்பற்றுவதால் பயன் குறைவு. சில வேளைகளில் தீங்கும் நேரும். இங்கு கருவியைக் கெடுப்பது உறைபனி அன்று, ஈரம்.

காலமும் இடமும்

தமிழர் வகுத்த ஆறு பெரும்பொழுதுகளில் ஐப்பசியும் கார்த்திகையும் கூதிர். மார்கழியும் தையும் முன்பனி. பெரும்பாலான வீடுகளில் குளிரூட்டி ஓய்வு பெறுவது இவ்விரு பொழுதுகளில்தான். எடுத்துக்காட்டாக, விருதுநகர் மாவட்டத்தில் இராசபாளையத்துக்குத் தெற்கே, மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில் அமைந்துள்ள சேத்தூரைக் கொள்ளலாம். அக்டோபர் முதல் திசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை பெய்கிறது. மார்கழி இரவிலும் வெப்பநிலை உறைநிலையை நெருங்குவதில்லை. ஆகவே குழாயில் நீர் உறைந்து வெடிக்குமோ என்ற அச்சத்துக்கு இடமில்லை. மாறாக, கோடை முழுவதும் தூசு படிந்த கருவி, காற்றில் ஈரப்பதம் மிகுந்த மாதங்களில் மூடிய அறையில் அசையாமல் கிடக்கிறது.

உட்பகுதியை உலர்த்துதல்

குளிரூட்டி இயங்கும்போது அறையினுள் உள்ள ஆவியாக்கிச் சுருளின் மீது காற்றின் ஈரம் நீராகப் படிந்து, தட்டில் விழுந்து, வடிகுழாய் வழியே வெளியேறுகிறது. கருவியை நிறுத்தியவுடன் இந்நீர் முழுவதும் வடிந்துவிடுவதில்லை. எஞ்சிய ஈரமும் தூசும் சேர்ந்த இடத்தில் பூஞ்சை வளரும். பங்குனியில் முதன்முறை இயக்கும்போது வரும் புளித்த வாடைக்குப் பெரும்பாலும் இதுவே காரணம். ஈளை நோய் உடையோருக்கும் குழந்தைகளுக்கும் இக்காற்று மூச்சுத்திணறலைத் தூண்டக்கூடும்.

இதனைத் தவிர்க்க, மழையற்ற ஒரு நண்பகலில் சன்னல்களைத் திறந்துவைத்து, கருவியைக் காற்றாடி மட்டும் சுழலும் முறையில் ஒரு மணி நேரம் இயக்குதல் வேண்டும். மழை நாளில் இதைச் செய்வதால் பயனில்லை. ஈரக் காற்று ஈரத்தை உலர்த்தாது. வலை வடிகட்டிகளைக் கழற்றி, நீரில் கழுவி, நிழலில் நன்கு உலர்த்திய பின்னரே மீண்டும் பொருத்துதல் வேண்டும். தொலை இயக்கியிலிருந்து மின்கலங்களை எடுத்துவிடுவதும் நன்று; நெடுநாள் கிடந்தால் அவை கசியும்.

வெளிப்பகுதி

வெளியே உள்ள பெட்டியை நெகிழித் தாளால் முழுவதும் சுற்றிக் கட்டும் வழக்கம் பரவலாகக் காணப்படுகிறது. இது நல்லெண்ணத்தில் செய்யப்படும் தவறு. இப்பெட்டி மழையில் நனையும் வகையிலேயே வடிவமைக்கப்படுகிறது. சுற்றிக் கட்டினால் உள்ளே ஈரம் தங்கி, அலுமினியத் தகடுகள் அரிக்கப்படும். எலிக்கும் இதமான இருப்பிடம் கிடைக்கும். மின்கம்பிகளை எலி கடித்த பின்னர் அது வெளியில் தெரிவதில்லை. மேற்புறத்தை மட்டும் ஒரு தகட்டால் மறைத்தால் போதும். தூத்துக்குடி, நாகப்பட்டினம் போன்ற கடலோர ஊர்களில் உப்புக்காற்றின் அரிப்பு கூடுதல் என்பதால், உப்பு நீங்கத் தகடுகளை நன்னீரால் கழுவுதல் நலம். நூற்பாலைகள் மிகுந்த இராசபாளையம் வட்டாரத்திலோ தகடுகளிடையே பஞ்சுத்தூசு அடைந்துள்ளதா எனப் பார்க்க வேண்டும். இவ்வேலைகளுக்கு முன் மின்சாரத்தை முற்றிலும் துண்டித்தல் இன்றியமையாதது. துண்டித்த பின்னரும் மின்தேக்கியில் மின்னேற்றம் எஞ்சியிருக்குமாதலால், பெட்டியைத் திறக்கும் வேலையைத் தொழில்நுட்பரிடம் விடுவதே பாதுகாப்பு.

ஐப்பசியில் இடிமழை மிகுதி. தொலை இயக்கியால் நிறுத்துவது மின்னிணைப்பைத் துண்டிப்பதாகாது. செருகி உள்ள இடங்களில் அதனைப் பிடுங்கி வைத்தலே சிறந்தது.

தேங்கும் நீரும் கொசுவும்

வடிகுழாயின் கீழ் வாளி வைத்து நீரைப் பிடிப்பது நம் வீடுகளில் வழக்கம். கருவியை நிறுத்தியபின் அவ்வாளி மறக்கப்பட்டுவிடுகிறது. டெங்குக் காய்ச்சலைப் பரப்பும் ஏடிசு கொசு, தெளிந்த சிறு நீர்த்தேக்கங்களையே நாடுகிறது. முட்டையிலிருந்து முழுக்கொசுவாக ஏறத்தாழ ஒரு வாரம் முதல் பத்து நாட்கள் போதும். அதன் முட்டைகள் கலத்தின் உட்சுவரில் ஒட்டி, நீரின்றியும் பல மாதங்கள் உயிர்ப்புடன் இருக்கவல்லவை. எனவே நீரைக் கொட்டினால் மட்டும் போதாது. உட்புறத்தைத் தேய்த்துக் கழுவிக் கவிழ்த்து வைத்தல் வேண்டும். ஏர் கூலர் எனப்படும் நீராவிக் குளிர்விப்பான்களின் தொட்டிக்கும் இது பொருந்தும். இக்கட்டுரையில் கூறப்பட்டவற்றுள் ஒன்றை மட்டுமே செய்ய நேரமிருப்பின், இதனைச் செய்யலாம்.

குளிர்பதன வளிமம் குறித்த தவறான கருத்து

ஓய்வுக்காலத்தில் வளிமம் குறைந்துவிடும் என்றும், ஆண்டுதோறும் 'கேஸ்' நிரப்ப வேண்டும் என்றும் பலர் நம்புகின்றனர். வளிமம் மூடிய சுற்றில் சுழல்வது. எரிபொருள் போல் தீர்வதன்று. குறைந்திருப்பின் எங்கோ கசிகிறது என்பதே பொருள். கசிவை அடைக்காமல் நிரப்புவது ஓட்டைக் குடத்தில் நீர் வார்ப்பதாகும். சுற்றுச்சூழலுக்கும் இது கேடு. பழைய கருவிகளில் உள்ள ஆர்-22 ஓசோன் படலத்தைச் சிதைப்பது. புதிய கருவிகளின் உற்பத்தியில் அதன் பயன்பாடு இந்தியாவில் 2025 தொடக்கம் முதல் தடை செய்யப்பட்டுள்ளது. இன்று பரவலாக உள்ள ஆர்-32 ஓசோனைச் சிதைப்பதில்லை எனினும், நூறாண்டுக் கணக்கில் அதன் புவி வெப்பமாக்கும் திறன் கார்பன் டைஆக்சைடைப் போல் 675 மடங்கு. அது சிறிதளவு எரியக்கூடியதும் ஆகும். குளிர்காலத்துக்கென வளிமத்தை வெளிப்பெட்டிக்கு இழுத்து அடைத்து வைப்பதும் தேவையற்றது. கருவியை இடம் மாற்றும்போது மட்டும் பயிற்சி பெற்றோர் செய்யும் வேலை அது. அவ்வேளையில் சுற்றினுள் காற்று புகுந்தால் கம்ப்ரசர் வெடிக்கும் இடர் உண்டு.

பிற நாடுகளில்

கடுங்குளிர் நாடுகளில் சன்னல்வகைக் குளிரூட்டியைக் கழற்றி உள்ளே வைப்பர்; இல்லையேல் இடுக்கு வழியே குளிர்காற்று புகும். குளிர்காலத்தில் அறையைச் சூடாக்கவும் பயன்படும் கருவிகளுக்கு ஓய்வே இல்லை என்பதால், அவற்றை மூடுவதும் கூடாது. தில்லி போன்ற வட இந்திய நகரங்களிலும் இவ்வகைக் கருவிகள் பயன்பாட்டில் உள்ளன.

மீண்டும் இயக்குதல்

மாசி இறுதியிலோ பங்குனியிலோ இயக்கும் முன், வெளிப்பெட்டியில் கூடு, சருகு, கடிபட்ட கம்பி உள்ளனவா என நோக்க வேண்டும். குளவி, பல்லி முதலியன வடிகுழாயின் வாயை அடைப்பதுண்டு. குழாய் அடைபட்டிருந்தால் நீர் அறையின் சுவரில் வழியும். தட்டில் ஒரு குவளை நீர் ஊற்றினால், அது மறுமுனையில் வெளியேறுகிறதா என்பது உடனே தெரிந்துவிடும்.